ஆறு ஆடுகளும் கொஞ்சம் சீரமும்

பி.காம் படிக்கிறவனுக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்துக்கு நடுவில் நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய், மால்டா என்ற குட்டித் தீவின் கதையில் மாட்டிக்கொண்டேன். படிக்கப் படிக்க இது மருத்துவக் கதை மட்டும் இல்லை, பால் வியாபாரத்தின் கதையும்கூட என்று புரிந்தது. அதனால் எழுதுகிறேன். அறிவியல் மாணவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். :-)

முதலில் இடம். மத்திய தரைக்கடலில் இத்தாலியின் சிசிலிக்குத் தெற்கே இருக்கிறது மால்டா. பக்கத்துத் தீவுகளையும் சேர்த்தால்கூட மொத்தம் 316 சதுர கிலோமீட்டர்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு வந்தது. அவர்களுடைய மத்திய தரைக்கடல் கப்பற்படைக்கு அதுதான் முக்கியமான தளம். சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்த பிறகு இந்தியாவுக்கு வரும் வழியிலும் அது ஒரு முக்கிய நிறுத்தம் ஆகிவிட்டது. இவ்வளவு முக்கியமான இடத்தில் சிப்பாய்களும் மாலுமிகளும் ஒரு விசித்திரமான காய்ச்சலில் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

இந்தக் காய்ச்சல் ஆளை அவ்வளவு சுலபமாகக் கொல்லாது. நூற்றுக்கு இரண்டு பேர் இறந்தால் அதிகம். ஆனால் விடாது. பத்து நாள் அடிக்கும், இறங்கும், "அப்பாடா" என்று எழுந்து உட்கார்ந்தால் மறுபடி ஏறும். வியர்வை, மூட்டு வலி, சோர்வு. மாதக்கணக்கில் இப்படியே போகும். அலை போல ஏறி இறங்குவதால் லூயிஸ் ஹியூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1897-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு 'அலைக் காய்ச்சல்' என்று பெயர் கொடுத்தார். (பாவம், அந்த ஹியூஸ் 1899-ல் தென்னாப்பிரிக்காவில் கொலென்ஸோ சண்டையில் இறந்துபோனார்.) ஊர்ப் பெயரை வைத்து மால்டா காய்ச்சல் என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள்.

இங்கே என் காமர்ஸ் மூளை கணக்குப் போட்டது. 1905-ல் மால்டாவின் தரைப்படையில் மட்டும் 600 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சலில் படுத்தார்கள். ஆளுக்குச் சராசரியாக 3 மாதம் என்று வைத்துக்கொண்டாலும் 54,000 மனித நாட்கள் காலி. சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, வேலை மட்டும் இல்லை. ஒரு முதலாளிக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன வேண்டும்? பிரிட்டிஷ் அரசு இந்த நோயை அவ்வளவு தீவிரமாகத் துரத்தியதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை என்பது என் கருத்து.

கிருமியை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1884-ல் மால்டா வந்தார். காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இருந்து மிகச் சிறிய ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்து, 1887-ல் அறிவித்தார். மைக்ராஸ்கோப் வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர் அவருடைய மனைவி மேரி. கிருமிக்கு மைக்ரோகாக்கஸ் மெலிடென்சிஸ் என்று பெயர். ரோமானியர் காலத்தில் மால்டாவின் பெயர் மெலிடா, அதிலிருந்து வந்தது.

சரி, கிருமி தெரிந்துவிட்டது. அது மனிதன் உடம்புக்குள் எந்த வழியாக வருகிறது? அதுதான் தெரியவில்லை. துறைமுகத்தில் கலக்கும் சாக்கடை என்றார்கள், தூசி என்றார்கள், கொசு என்றார்கள். கிருமியைக் கண்டுபிடித்து 18 வருடம் ஆகியும் பதில் இல்லை. கடைசியில் பதிலைக் கொடுத்தது ஒரு சின்ன ஆய்வகச் சோதனை. அந்தச் சோதனை என்ன என்று பார்த்துவிட்டுத் தீவுக்குத் திரும்புவோம்.

அதன் பெயர் அக்ளூட்டினேஷன். லத்தீனில் பசை என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது. தமிழில் திரளுதல் என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தம் உறைவதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. இங்கே நடப்பது, தனித்தனியாக மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கட்டி கட்டியாகத் திரள்வது.

நம் உடம்புக்குள் ஒரு கிருமி நுழைந்தால், அதன் மேல்பரப்பில் இருக்கும் குறிப்பிட்ட பொருளை அடையாளம் வைத்து உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கிறது. ஆன்டிபாடிக்குக் கைகள் உண்டு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐ.ஜி.ஜி என்ற வகைக்கு இரண்டு கை. ஐ.ஜி.எம் என்ற பெரிய வகைக்குப் பத்து கை. ஒரு கை ஒரு கிருமியைப் பிடிக்கும், இன்னொரு கை பக்கத்துக் கிருமியைப் பிடிக்கும். கிருமியின் மேலேயோ பிடிப்பதற்கு நூற்றுக்கணக்கான இடங்கள். ஒன்று இரண்டைப் பிடிக்க, இரண்டு நாலைப் பிடிக்க, மீன் வலை மாதிரி ஒரு பின்னல் உருவாகிவிடும். பால் கலந்த தண்ணீர் போலக் கலங்கலாக இருந்த கிருமிக் கரைசல், திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். கட்டிகள் அடியில் இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். இதைப் பார்க்க வெறும் கண் போதும். கண்ணுக்கே தெரியாத இரண்டு பொருட்களின் சந்திப்பு கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று அளக்கவும் எளிய வழி உண்டு. நோயாளியின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்த பிறகு பிரியும் மஞ்சள் நீரை, பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று, எண்பதுக்கு ஒன்று என்று குழாய் குழாயாக நீர்க்கச் செய்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு கிருமிக் கரைசலை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். எந்தக் குழாய் வரை திரள்கிறதோ அதுதான் 'டைட்டர்'. 160 வரை திரண்டால் டைட்டர் 160.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில சமயம் சீரம் அதிகம் உள்ள முதல் குழாயில் திரளாது, நாலாவது ஐந்தாவது குழாயில் அழகாகத் திரளும்! காரணம், ஆன்டிபாடி தேவைக்கு மேல் குவிந்துவிட்டால் கிருமியின் எல்லா இடங்களிலும் ஆளுக்கொரு ஆன்டிபாடி ஏறி உட்கார்ந்துவிடும். இரண்டு கிருமிகளைச் சேர்த்துப் பிடிக்கக் காலி இடமே இருக்காது. கல்யாண வீட்டில் ஒவ்வொரு நாற்காலியிலும் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டால் குடும்பமாகச் சேர்ந்து உட்கார முடியாதே, அது மாதிரி. இதை ப்ரோஸோன் என்கிறார்கள். முதல் குழாயை மட்டும் பார்த்துவிட்டு "நோய் இல்லை" என்று எழுதினால் போச்சு. நம் மால்டா காய்ச்சலில் இது நன்றாகவே நடக்கும் என்பதால்தான் வரிசையாக நீர்த்துப் பார்ப்பது அங்கே முக்கியமாகிறது.

இந்தத் திரளுதலை ஷாரன், ரோஜே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1889-லேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் இதை ஒழுங்காக ஆராய்ந்து பயன்படுத்தலாம் என்று காட்டியவர்கள் வியன்னாவில் மாக்ஸ் குரூபரும் அவரிடம் வேலை கற்க வந்த ஆங்கிலேயர் ஹெர்பர்ட் டர்ஹாமும். வருடம் 1896. எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால், தெரிந்த சீரத்தோடு கலந்து பார், திரண்டால் அந்தக் கிருமிதான் என்றார்கள். அதே வருடம் ஜூன் மாதம் பாரிஸில் ஃபெர்னான் விடால் இதைத் தலைகீழாகத் திருப்பினார். கிருமி தெரிந்தது, சீரம்தான் தெரியாதது. காய்ச்சலில் படுத்திருக்கும் ஆளின் சீரத்தை டைபாய்டு கிருமியோடு கலந்து பார், திரண்டால் அவருக்கு டைபாய்டு. ஆமாம், விடுதியில் நாலு நாள் காய்ச்சல் அடித்தால் சீட்டில் எழுதித் தருகிறார்களே, அதே விடால் டெஸ்ட்தான். குரூபரின் ஆய்வகத்தில் இருந்த க்ரூன்பாம் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் முந்திக்கொண்டு வெளியிட்டவர் பெயர்தான் நின்றது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் மட்டும் குரூபர்-விடால் என்று சேர்த்துச் சொல்வார்கள். டர்ஹாம் பின்னாளில் இங்கிலாந்தில் புல்மர் என்ற ஆப்பிள் சைடர் கம்பெனியின் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். கல்லூரி மைக்ரோபயாலஜி லேபில் கிருமி வாயு உண்டாக்குகிறதா என்று பார்க்கக் கவிழ்த்துப் போடும் குட்டிக் குழாய் இருக்கிறதே, டர்ஹாம் குழாய், அது இவர் பெயரில்தான்.

அடுத்த வருடமே, 1897-ல், இங்கிலாந்தின் நெட்லி ராணுவ மருத்துவமனையில் ஆல்ம்ராத் ரைட் இதை மால்டா காய்ச்சலுக்கும் பொருத்திக் காட்டினார். டைபாய்டா மால்டா காய்ச்சலா என்று படுக்கையருகே நின்று பார்த்துச் சொல்வது பெரிய டாக்டர்களுக்கே கஷ்டம். இனி இரண்டு துளி சீரம் போதும்.

இப்போது தீவுக்குத் திரும்பலாம்.

1904-ல் கப்பற்படை, ராணுவம், மால்டா அரசு மூன்றும் கேட்டுக்கொள்ள, லண்டன் ராயல் சொசைட்டி ஒரு ஆய்வுக் குழு அமைத்தது. தலைவர் அதே புரூஸ். குழுவில் பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவ, கப்பற்படை மருத்துவர்கள். தீவின் ஆள் என்று குழுவில் இருந்தவர் தெமி ஸம்மிட். 1864-ல் பிறந்த மால்டாக்காரர், மருத்துவர், பொது சுகாதாரத் துறையில் ஆய்வக வேலை பார்த்தவர்.

அவர்களிடம் ஒரு துப்பு முன்பே இருந்தது. சாதாரணச் சிப்பாய்களைவிட அதிகாரிகளுக்குத்தான் காய்ச்சல் அதிகம். சாக்கடையும் தூசியும் காரணமென்றால் நெருக்கடியான பாசறையில் கிடக்கும் சிப்பாய்க்கல்லவா அதிகம் வர வேண்டும்? வசதியுள்ளவன் அதிகம் வாங்கும் ஏதோ ஒரு பொருளில்தான் நோய் இருக்க வேண்டும். இன்று ஒரு மார்க்கெட்டிங் மாணவனிடம் இந்தத் தகவலைக் கொடுத்தால் உடனே செலவுப் பட்டியலைக் கேட்பான். அன்று யாரும் அப்படி யோசிக்கவில்லை போலிருக்கிறது.

1905 ஜூன். பரிசோதனைக்காக ஸம்மிட்டிடம் ஆறு ஆடுகள் இருந்தன. கிருமியைக் கொடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக. ஆடுகள் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்தன. ஸம்மிட் அவற்றின் இரத்தத்தையும் திரளுதல் சோதனைக்கு உட்படுத்தினார். ஜூன் 14 அன்று முடிவு தெரிந்தது. ஆறில் ஐந்து ஆடுகளின் சீரம் மால்டா கிருமியைக் கட்டி கட்டியாகத் திரள வைத்தது. அதாவது அவற்றின் உடம்பு அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருக்கிறது.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆடு தும்மவில்லை, இளைக்கவில்லை, காய்ச்சல் இல்லை. கண்ணால் பார்த்து எந்தக் கால்நடை மருத்துவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார். உடம்பு வெளியே சொல்லாத ரகசியத்தை சீரம் சொல்லிவிட்டது. அடுத்து குழுவில் இருந்த மேஜர் ஹொராக்ஸ் பாலைச் சோதித்தார். பாலிலேயே கிருமி உயிரோடு இருந்தது. அந்தப் பாலைக் குடித்த குரங்குகளுக்குக் காய்ச்சல் வந்தது. தீவின் ஆடுகளைப் பரவலாகச் சோதித்தபோது ஏறத்தாழ பாதிக்குச் சீரம் திரண்டது, பத்தில் ஒன்று பாலில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. மால்டாவில் அப்போது சுமார் 20,000 ஆடுகள்.

பால் எப்படி விற்றது தெரியுமா? ஆட்டு மந்தையை வலேட்டா நகரத் தெருக்களுக்கே ஓட்டி வருவார்கள். வீட்டு வாசலில், வாடிக்கையாளர் கண் முன்னால் கறந்து கொடுப்பார்கள். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்! நம் ஊரிலும் பசு மாட்டை வாசலுக்குக் கொண்டுவந்து கறந்து கொடுத்த காலம் இருந்ததைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கலப்படம் இல்லை என்பது தரத்துக்கு உத்தரவாதம் என்று எல்லோரும் நம்பினார்கள். கலப்படம் இல்லாத பாலில் கலப்படம் இல்லாத கிருமி. நாம் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சியே குடித்துப் பழகியவர்கள் என்பதால் எவ்வளவு தப்பித்திருக்கிறோம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். காய்ச்சினால் இந்தக் கிருமி செத்துவிடும்.

அதே 1905 ஆகஸ்டில் தற்செயலாக இன்னொரு பரிசோதனையும் நடந்தது. நல்ல பால் கொடுக்கும் மால்டா ஆடுகளை அமெரிக்காவில் வளர்க்கலாம் என்று 60-க்கும் மேற்பட்ட ஆடுகளை வாங்கி 'ஜோஷுவா நிக்கல்சன்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். வழியெல்லாம் மாலுமிகள் ஆட்டுப் பால் குடித்தார்கள். பிறகு அவர்களில் பலருக்கு மால்டா காய்ச்சல். அமெரிக்காவில் அந்த ஆடுகளைத் தனியாக அடைத்துவைத்துச் சோதித்தார்கள், கடைசியில் கொன்றுவிட்டார்கள்.

1906 நடுவில் உத்தரவு வந்தது: படைகளுக்கு ஆட்டுப் பால் கிடையாது, டப்பாவில் அடைத்த சுண்டிய பால்தான். விளைவு? 1905-ல் 600-க்கு மேல் இருந்த ராணுவ நோயாளிகள் 1906-ல் 160 சொச்சமாகக் குறைந்தார்கள். 1907-ல் விரல் விட்டு எண்ணிவிடலாம். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. கொள்முதல் பட்டியலில் ஒரே ஒரு வரி மாறியது, அவ்வளவுதான்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்த உத்தரவு படைக்கு மட்டும்தான். மால்டா மக்கள்? அவர்கள் அதே பாலைத்தான் குடித்தார்கள். அவர்களுக்கு அதே காய்ச்சல் இன்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

அரசைத் திட்டுவது சுலபம். ஆனால் ஐந்தொகையில் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரிகிறது. ராணுவத்துக்கு ஆட்டுப் பால் ஒரு செலவு. ஒரு செலவை எடுத்துவிட்டு இன்னொரு செலவை வைத்துக்கொள்ளலாம், பணம் கொடுப்பது கஜானா. ஆடு மேய்ப்பவனுக்கோ ஆடுதான் சொத்து, அதுதான் மூலதனம், தினசரி வருமானமும் அதுதான். நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் ஆட்டைக் காட்டி, "குழாயில் திரண்டுவிட்டது, வெட்டிவிடு" என்றால் எப்படி ஒப்புக்கொள்வான்? ஏழை வீட்டில் டப்பா பால் வாங்கவும் வழியில்லை. சோதனை செய்யச் சில துளி இரத்தம் போதும், அதன் முடிவைச் செயல்படுத்த ஆகும் செலவை யார் தலையில் கட்டுவது என்பதற்கு எந்தக் குழாயிலும் பதில் இல்லை. படையைக் காப்பாற்றக் காட்டிய வேகத்தில் பாதியாவது மக்களுக்குக் காட்டியிருந்தால் நஷ்ட ஈட்டுக்கு ஒரு வழி பிறந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மால்டாவில் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கி விற்கும் பாஸ்டரைசேஷன் 1938-ல்தான் தொடங்கியது. ஐந்து ஆடுகளின் சீரம் திரண்டு 33 வருடம் கழித்து. ஸம்மிட் அதைப் பார்க்கவில்லை. 1935-லேயே இறந்துவிட்டார். இடையில் அவர் வேறொரு துறையில் பெரிய ஆளாகிவிட்டிருந்தார். வலேட்டா அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராகி, 1915 முதல் தார்ஷியன் என்ற இடத்தில் கற்காலக் கோயில்களைத் தோண்டி எடுத்தவர் அவர்தான். 1930-ல் சர் பட்டம் கிடைத்தது. ஆனால் கிருமிக்கு 1920-ல் கொடுத்த புதுப் பெயர் ப்ரூசெல்லா, புரூஸின் நினைவாக. நோயின் பெயர் ப்ரூசெல்லோசிஸ். ஸம்மிட்டின் பெயர் அதில் எங்கும் இல்லை.

திரளுதல் சோதனை அதன் பிறகு எங்கெங்கோ போய்விட்டது. 1901-ல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் மனித இரத்த வகைகளைப் பிரித்துக் காட்டியது இதை வைத்துத்தான், அங்கே கிருமிக்குப் பதிலாகச் சிவப்பணுக்கள் திரளும். இரத்த தான முகாமில் விரலைக் குத்தி கண்ணாடித் துண்டில் பார்க்கிறார்களே, அதே சங்கதி. சிவப்பணுக்கள் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்பதால், இரண்டு கை ஐ.ஜி.ஜி-க்குப் பல சமயம் எட்டாது. அதற்குப் பாலம் போட இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்க்கும் வித்தையை 1945-ல் கூம்ப்ஸும் நண்பர்களும் கொடுத்தார்கள்.

ஆனால் சீரம் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பவும் முடியாது. "இந்த உடம்பு இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது" என்றுதான் அது சொல்கிறதே தவிர, "இப்போது நோய் இருக்கிறது" என்று சொல்வதில்லை. டைபாய்டு சாதாரணமாகப் புழங்கும் நம் நாட்டில் ஆரோக்கியமான ஆளிடமும் விடால் ஓரளவு திரளும். அதனால்தான் ஒரே ஒரு விடாலை வைத்து முடிவு கட்டாதீர்கள், இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பாருங்கள் என்று சொல்கிறார்கள். ப்ரூசெல்லா சோதனையிலும் யெர்சினியா என்ற வேறொரு கிருமியின் ஒரு வகை ஆள்மாறாட்டம் செய்வதுண்டு.

பாலுக்கே நேரடியாகச் செய்யும் சோதனை ஒன்றும் பிறகு வந்தது. 'பால் வளையச் சோதனை' என்று பெயர். சாயம் ஏற்றிய ப்ரூசெல்லா கிருமிகளை மாட்டுப் பாலில் கலந்து வைப்பார்கள். பாலில் ஆன்டிபாடி இருந்தால் கிருமிகள் திரண்டு, ஏடு மேலே எழும்போது அதோடு சேர்ந்து எழுந்து, மேலே நிறமுள்ள வளையமாக நிற்கும், கீழே பால் வெளுத்துவிடும். இல்லையென்றால் பால் முழுக்க ஒரே நிறம். ஒரு பண்ணையின் மொத்தப் பாலையும் ஒரே குழாயில் சலித்துவிடலாம், ஒவ்வொரு மாட்டையும் குத்த வேண்டியதில்லை. செலவு கம்மி!

மால்டாவில் 1995-ல் மறுபடி நூறு பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் வந்தது, ஒருவர் இறந்தார். காரணம், பச்சைப் பாலில் செய்த உள்ளூர்ப் பாலாடைக்கட்டி.

உங்கள் தெருவில் மாட்டை வாசலுக்கு ஓட்டிவந்து கறந்து கொடுத்தது எந்த வருடம் வரை இருந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு பின்னூட்டத்தில் எழுதுங்களேன்.